உங்களுக்குத் தெரியுமா? தம்புரான் முதல் அப்பி வரை

மாயக்கோட்டை, மந்திரவாள், டிராகன் என்று கற்பனை ராஜ்யம் படைக்கும் எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. பிரபுவைக் குடியானவன் என்ன சொல்லி அழைப்பான், பிரபு தன்னை எப்படிக் குறிப்பிட்டுக்கொள்வான் என்பதுதான் அது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கற்பனைக்கு எட்டாத அளவு நுணுக்கமான விளிமுறைகள் இங்கே நடைமுறையிலேயே இருந்தன. நகரின் வலியசாலைப் பகுதியில் தொடங்கி அக்கம்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

● வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழ் பிராமணர்களின் வீடு மலையாளத்தில் ‘வீடு’ அல்ல, ‘மடம்’. துறவிகள் யாரும் அங்கே இல்லை. மாமா, மாமி, பேரக்குழந்தைகள் எல்லாரும் இருக்கும் சாதாரணக் குடும்ப வீடுதான். ஆனாலும் பெயர் மடம். நம்பூதிரி வீடு ‘இல்லம்’, அதிலும் பெரிய மனிதர் என்றால் ‘மன’. ராஜா இருப்பது ‘கோவிலகம்’ அல்லது ‘கொட்டாரம்’. நாயர் இருப்பது ‘வீடு’ அல்லது ‘பவனம்’. கோயில் ஊழியர்களுக்கு ‘வாரியம்’, ‘பிஷாரம்’. தச்சர், கொல்லர், நெசவாளர், கள்ளிறக்குவோர் ஆகியோருக்குப் ‘புர’ அல்லது ‘குடி’. வயலில் அடிமை வேலை செய்தவருக்குச் ‘சாள’. பறையருக்குச் ‘சேரி’. மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன், 1887இல் வெளிவந்த ‘மலபார் மேனுவல்’ நூலில் இந்தப் பட்டியலைத் தந்திருக்கிறார். முகவரி கேட்டாலே சாதி தெரிந்துவிடும் ஏற்பாடு இது.

● அதே அக்ரஹாரத்து ஆண்களை மலையாள அண்டைவீட்டார் கூப்பிடுவது ‘சுவாமி’ என்று. பெண்கள் ‘அம்மியார்’. முதுகுக்குப் பின்னால் பேசும்போது மட்டும் ‘பட்டர்’. தமிழ்நாட்டில் பட்டர் என்றால் கோயில் அர்ச்சகர், மரியாதையான சொல். மலையாளத்தில் அதே சொல்லுக்கு லேசான நக்கல் ஏறியிருக்கிறது. பட்டரைக் கிண்டல் செய்யும் பழமொழிகள் மலையாளத்தில் ஏராளம். ‘சுவாமி’யோ மாறாக, யாருக்கும் வலிக்காத சொல், கடைக்காரர், ஆட்டோக்காரர், கொட்டார அதிகாரி என்று எல்லார் வாயிலும் ஒன்றுபோல வரும்.

● திருவிதாங்கூர் மகாராஜா சாப்பிட மாட்டார்; தூங்கவும் மாட்டார்!

சாப்பாடு அவருக்கு ‘அமிர்தேத்து’. தூக்கம் ‘பள்ளிக்குறுப்பு’. விழிப்பது ‘பள்ளியுணர்வு’. குளியல் ‘நீராட்டு’. வருவதும் போவதும் ‘எழுந்நள்ளத்து’, அதாவது நம் எழுந்தருளல். அவர் மனது ‘திருவுள்ளம்’, கடிதம் ‘நீட்டு’, கட்டளை ‘கல்பன’. இறப்பு மட்டும் அவருக்கு இல்லை, ‘நாடுநீங்கினார்’ என்பார்கள். முன்னால் நின்று விளிக்கும்போது ‘பொன்னு தம்புரான்’ அல்லது ‘திருமனஸ்’. கேட்ட கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் சொல்லக் கூடாது, ‘றான்’ என்றே சொல்ல வேண்டும்.

இதுவரை அழகாகத்தான் இருக்கிறது. நாணயத்தின் மறுபக்கம் கொஞ்சம் கசக்கும். தம்புரானிடம் பேசும் எளியவன் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். அவன் வீடு ‘குப்பமாடம்’. அவன் அரிசி ‘கல்லரி’, கல்லும் அரிசியும் கலந்தது. அவன் குடிப்பது ‘கரிக்காடி’. கையில் வெள்ளிப் பணமே இருந்தாலும் அது ‘செம்புக்காசு’தான். ராஜா பள்ளிக்குறுப்பு கொள்ளும் அதே இரவில் அவன் செய்வது ‘நிலம்பொத்தல்’, அதாவது தரையோடு தரையாகக் கிடப்பது. இந்த இரட்டை அகராதிக்கு ‘ஆசாரபாஷை’ என்று பெயர். உயர்ந்தவனுக்கு ஒரு சொல் ஏறும்போதெல்லாம் தாழ்ந்தவனுக்கு ஒரு சொல் இறங்கியாக வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது இல்லை. பேன்டஸி நாவல்களில் முதல் பாதி தாராளமாக வரும். இரண்டாம் பாதியை எழுதியவர்கள் குறைவு.

● லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர், 1871இல் வெளியிட்ட ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’யில் இன்னும் கொடுமையான ஒன்றைப் பதிவு செய்கிறார். புலையர் ஒருவர் மேல்சாதிக்காரரிடம் தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ‘என் பிள்ளைகள்’ என்று சொல்லக் கூடாது. ‘குரங்குகள்’, ‘கன்றுகள்’ என்று சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சுக்காற்று எதிராளி மேல் படாதபடி வாயைக் கையால் பொத்திக்கொள்ளவும் வேண்டும்.

● ‘அமிர்தேத்து’, ‘பள்ளியுணர்வு’ எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். நம் கோயில்களில் பெருமாளுக்கு இன்றும் நடப்பது திருப்பள்ளியெழுச்சி, திருமஞ்சனம், அமுது செய்வித்தல், பள்ளியறை சேவை. தமிழில் ‘கோயில்’ என்பதே முன்பு அரண்மனையையும் குறித்தது. மலையாளத்துக் கோவிலகத்திலும் கோயிக்கலிலும் அந்தப் பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அரசர்கள் போய்ச் சேர்ந்தபின் அந்தச் சொற்கள் சாமியிடம் தங்கிவிட்டன. திருவிதாங்கூரில் சாமியும் ராஜாவும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வைணவ வீடுகளில் இன்னொரு வேடிக்கை. பெரியவர் ஒருவர் மற்றவரிடம் ‘தேவரீர் திருமாளிகை எங்கே?’ என்று கேட்பார். தம் வீட்டை ‘அடியேன் குடிசை’ என்பார். அந்தக் குடிசையில் மூன்று மாடி, லிஃப்ட் எல்லாம் இருக்கலாம். இங்கே ‘அடியேன்’ என்பது விரும்பி அணியும் ஆபரணம், எதிராளியும் அதையே திருப்பிச் சொல்வார். வயல் வரப்பில் நின்று ‘அடியன்’ என்றவருக்கு அந்த வசதி இல்லை. எதிரில் இருந்தவர் ஒருநாளும் அவரிடம் ‘அடியன்’ என்று திருப்பிச் சொன்னதில்லை.

● எல்லாரையும் ‘அடியன்’ என்று சொல்ல வைத்த மகாராஜாவின் முதல் பட்டம் என்ன? ‘தாசன்’. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். ‘த்ருப்படிதானம்’ என்று பெயர் பெற்ற அந்தச் சடங்கில் உடைவாளைச் சன்னதியில் வைத்து எடுத்த அவர், அன்று முதல் ஸ்ரீபத்மநாபதாசன். ராஜகுடும்பத்துப் பெண்கள் ஸ்ரீபத்மநாபசேவினி. நாட்டின் உண்மையான அரசர் அனந்தசயனத்தில் படுத்திருப்பவர், நான் அவருடைய காரியஸ்தன் மட்டும் என்பது இதன் பொருள். அரசியலாகப் பார்த்தால் அபாரமான சாமர்த்தியம். ராஜாவை எதிர்த்தால் ராஜதுரோகம் மட்டுமல்ல, சுவாமித்துரோகமும் ஆகிவிடும்.

● பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் நீங்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்க முடியாது. அங்கே விழுந்தவரும் அவருடைய சொத்தும் பத்மநாபனுக்கே சொந்தம் என்பது ஐதீகம். ஆகையால் அந்த உரிமை மகாராஜாவுக்கு மட்டும்.

● சுவாதித் திருநாளின் பெயர் சுவாதித் திருநாள் அல்ல. ராம வர்மா. ஆயில்யம் திருநாளும் ராம வர்மா. விசாகம் திருநாளும் ராம வர்மா. மூலம் திருநாளும் ராம வர்மாதான்! குடும்பத்தில் ஆண்களுக்குப் புழங்கிய பெயர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெயரைச் சொல்லி அழைப்பதும் வழக்கமில்லை. அதனால் பிறந்த நட்சத்திரம் பெயராயிற்று. 1813 முதல் 1846 வரை வாழ்ந்து கீர்த்தனைகளாகக் குவித்த அந்த ராஜாவை உலகமே அவர் நட்சத்திரத்தால் அறிந்திருக்கிறது.

● திருவிதாங்கூரில் ‘ராணி’ என்றால் ராஜாவின் மனைவி என்று நினைத்தால் தவறு. ராணி என்பவர் ராஜாவின் சகோதரி, அல்லது சகோதரியின் மகள். மருமக்கத்தாயம், அதாவது தாய்வழி வாரிசு முறை. மூத்த ராணிக்கு ஆற்றிங்கல் மூத்த தம்புரான் என்று பட்டம், பெண்ணுக்கும் ‘தம்புரான்’தான். ராணியின் கணவர் ‘கோயித்தம்புரான்’. அவர்களில் மூத்தவர் ‘வலிய கோயித்தம்புரான்’. காளிதாசரின் சாகுந்தலத்தை மலையாளத்துக்குக் கொண்டுவந்த கேரள வர்மா (1845–1914) அப்படிப்பட்ட ஒருவர்.

அப்படியானால் ராஜாவின் மனைவி? அவர் ‘அம்மச்சி’. ஏட்டில் ‘பனப்பிள்ளை அம்மா’. அரண்மனையில் அவருக்கு ராணிப் பட்டமும் இல்லை, அவர் பிள்ளைகளுக்கு அரியணையும் இல்லை. அம்மச்சிகள் வந்த குடும்பங்களை ‘அம்மவீடு’ என்றார்கள். முக்கியமான நான்கு அம்மவீடுகளின் பெயர்களைப் பாருங்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள்.

● ராஜாவின் சொந்த மகன் ‘இளவரசன்’ இல்லை, ‘தம்பி’. மகள் ‘தங்கச்சி’. தமிழில் தெருவில் போகிற யாரையும் ‘தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ’ என்கிறோம். அங்கே அது ராஜரத்தம் ஓடும் பட்டம். அரியணைக்கு அருகே வரலாம், ஏறக் கூடாது என்று சொல்லும் பட்டமும் அதுவே.

ஏற ஆசைப்பட்டவர்களும் உண்டு. 1729இல் ராம வர்மா மறைந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மா ஆட்சிக்கு வந்தார். ராம வர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை ஏற்கவில்லை. பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். முடிவில் இரண்டு தம்பிகளும் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமார் குடும்பங்கள் அழிந்தன. இந்தச் சண்டையை வைத்து சி. வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தின் தொடக்ககால நாவல்களில் முக்கியமானது. நாவலில் தம்பிகள் வில்லன்கள். கன்னியாகுமரிப் பக்கத்து வில்லுப்பாட்டிலோ வலியதம்பி, குஞ்சுதம்பி என்று அவர்களுக்குத் தனிக் கதைப்பாடலே இருக்கிறது. பாட்டு அவர்கள் பக்கம் நின்று அழுகிறது. தோற்றவர்களுக்கு நாவல் கிடைக்காவிட்டாலும் வில் கிடைத்துவிடும் போலிருக்கிறது!

● ‘தம்புரான்’ மலையாளத்தில் அரசன். மலை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ‘தம்பிரான்’, தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் காவி கட்டிய துறவி. அங்கே அரச மரியாதை ஆதீனகர்த்தருக்கு. அவரை விளிப்பது ‘சந்நிதானம்’ என்று. ஒரு மனிதரை அவர் இருக்கும் இடத்தின் பெயரால் கூப்பிடுவது உலகமெங்கும் பெரிய இடத்துப் பழக்கம். பெயரைத் தொடப் பயந்தால் இடத்தைத் தொடுவார்கள். ‘திருவடி’, ‘திருமேனி’ என்று உடம்பைத் தொட்டு அழைப்பது அதற்கு அடுத்த படி. கி.பி. 849இன் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வேணாட்டு ஆட்சியாளர் பெயர் ஐயனடிகள் திருவடிகள்; ஒரே பெயரில் இரண்டு தரம் அடி.

● வலியசாலை என்ற பெயரில் உள்ள ‘சாலை’ ரோடு அல்ல, கல்விச்சாலை. இங்குள்ள மகாதேவர் கோயிலுக்கு காந்தளூர் என்று பெயர். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஆய்வாளர்களில் ஒரு சாராரும் அப்படியே சொல்கிறார்கள், விழிஞ்ஞம் பக்கம் கைகாட்டுபவர்களும் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூர் முறைப்படி நடக்க வேண்டும் என்று செப்பேட்டில் எழுதிவைத்தான். ஒருவரையொருவர் இழித்துப் பேசும் மாணவர்களுக்கு அபராதம் என்று அதில் விதியும் உண்டு. ஹாஸ்டல் வார்டன்களுக்கு 1100 ஆண்டு முன்னோடி!

அந்த மாணவர்களுக்குப் பெயர் ‘சட்டர்’. வகுப்பைக் கட்டி மேய்க்கும் மாணவனை நாம் சட்டாம்பிள்ளை என்கிறோமே, அந்த வம்சம். மலையாளத்தில் ‘சட்டம்பி’. திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் பிறந்த சட்டம்பி சுவாமிகளுக்கு (1853–1924) அந்தப் பெயர் வந்தது, பள்ளிக்கூடத்தில் அவர் சட்டாம்பிள்ளையாக இருந்ததால். இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரவுடி. சுவாமிகள் பெயரில் மட்டும் பழைய மரியாதை குறையவில்லை.

● திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியை உருவாக்கிய கேசவ பிள்ளைக்கு ‘ராஜா’ பட்டம் தந்தது பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல். அதுவரை திருவிதாங்கூரில் முதலமைச்சருக்குத் ‘தளவாய்’ என்று பெயர்; ‘திவான்’ என்று முதலில் பெயர் பெற்றவர் இவர். சரித்திரப் புத்தகத்தில் ராஜா கேசவதாஸ். ஊர் மக்கள் கூப்பிட்டது ‘வலிய திவான்ஜி’.

● ஓவியர் ரவி வர்மா ‘ராஜா’வா? திருவிதாங்கூர் கொட்டாரத்தைக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். அவர் கிளிமானூர் கோயித்தம்புரான் குடும்பம். 1904இல் வைஸ்ராய் கர்சன், கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தை அறிவித்தபோது ‘ராஜா ரவி வர்மா’ என்று எழுதப்பட்டது. ‘இவர் எப்போது ராஜா ஆனார்?’ என்று மூலம் திருநாள் மகாராஜாவிடமிருந்து ஆட்சேபம் வந்தது. ஆட்சேபம் பைலில் தங்கிவிட்டது. ராஜா காலண்டரில் ஏறிவிட்டார்.

● பிரிட்டிஷார் நம் அரசர்கள் யாரையும் ‘மெஜஸ்டி’ என்று அழைக்க விட்டதில்லை. ‘ஹைனஸ்’ மட்டும். ஹைதராபாத் நிஜாமுக்கு மட்டும் 1918இல் ‘எக்ஸால்டட் ஹைனஸ்’. மீதி அந்தஸ்தைப் பீரங்கி சொல்லியது: மைசூருக்கு 21 குண்டு, திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17. அந்த இங்கிலாந்திலேயே எட்டாம் ஹென்றி காலத்துக்கு முன்பு அரசரை ‘கிரேஸ்’, ‘ஹைனஸ்’ என்றும் அழைத்துவந்தார்கள். ‘மெஜஸ்டி’ ஊன்றியது அவர் காலத்தில். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் கற்பனை ராஜ்யத்து அரசர்களை ‘யுவர் கிரேஸ்’ என்றே அழைக்க வைப்பதில் அந்தப் பழைய வாடை இருக்கிறது.

● மலேசியத் தமிழர்களுக்கு ஆசாரபாஷை என்றால் விளக்கம் தேவையில்லை. மலாய் அரண்மனை மொழியில் சுல்தான் சாப்பிடுவது ‘சந்தாப்’, தூங்குவது ‘பெராடு’, மறைவது ‘மங்காட்’. சுல்தான் தன்னை ‘பெத்தா’ என்பார். எதிரில் நிற்பவர் தன்னை ‘பாத்தேக்’ என்பார். நாடுநீங்கலும் அடியனும் கடல் தாண்டி வேறு உடையில் நிற்கின்றன. அங்கே பட்டங்களும் உயிரோடு இருக்கின்றன. தமிழ்ப் பத்திரிகைகள் ‘டத்தோ’, ‘டான் ஸ்ரீ’, ‘துன்’ என்று போடாமல் பிரமுகர் பெயரைத் தொடுவதில்லை; ஒற்றுமைத் துறை அமைச்சராக இருந்த சம்பந்தன் அங்கே என்றும் ‘துன் சம்பந்தன்’.

● சோழ அதிகாரிக்குச் சொந்தப் பெயர் ஒன்று, பட்டம் ஒன்று. பட்டத்தில் ராஜாவின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும்: ராஜராஜ மூவேந்தவேளான், ராஜேந்திரசோழ பிரம்மராயன் என்கிற ரீதியில். ராஜா மாறினால் லெட்டர்பேடும் மாற வேண்டியதுதான். மூவேந்தவேளான், பிரம்மராயன், பேரரையன், மாராயன் என்று அடுக்கடுக்காக அந்தஸ்து பேசிய அதே அரசு, தஞ்சைப் பெரியகோயில் சுவரில் ராஜராஜனின் தமக்கை குந்தவையை ‘அக்கன்’ என்று வெகு சாதாரணமாகக் குறிக்கிறது. எல்லாப் பட்டமும் வாசலோடு சரி, வீட்டுக்குள் அக்கா அக்காதான். திருவனந்தபுரத்துப் பழைய மலையாளிகள் இன்றும் அக்காவை ‘அக்கன்’ என்பார்கள். அண்ணனை மற்ற மலையாளிகள் ‘சேட்டன்’ என்றால் இவர்களுக்கு ‘அண்ணன்’தான். சின்னப் பையனை ‘அப்பி’ என்று கூப்பிட்டால் சந்தேகமே வேண்டாம், கூப்பிட்டவர் திருவனந்தபுரத்துக்காரர்.

● நவராத்திரிக்கு வலியசாலைப் பக்கம் வருபவர்கள் சாமிகள் அரசராக நடத்தப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகப் புறப்படுவார்கள். போலீஸ் துப்பாக்கி நிமிர்த்தி மரியாதை செய்யும். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் தங்குவாள், முன்னுதித்த நங்கை செந்திட்டையில், குமாரசுவாமி நம் பக்கத்து ஆரியசாலையில். ஊர்வாயில் அவர்கள் ‘வருவது’ கிடையாது, எழுந்தருள்வதுதான்.

● வெங்ஙானூரில் புலையர் குடியில் பிறந்த அய்யன்காளி, சாதியின் பேரால் தடுக்கப்பட்ட ராஜபாதையில் வில்வண்டி ஓட்டிப் போனவர். பிறகு ஸ்ரீமூலம் பிரஜாசபை உறுப்பினரானார். 1937 ஜனவரியில் வெங்ஙானூர் வந்த காந்தி அவரைப் ‘புலைய ராஜா’ என்று விளித்தார். பாராட்டுத்தான். ஆனாலும் ராஜாவுக்கு முன்னால் சாதியை ஒட்டாமல் விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அனந்தபுரியின் மற்ற ராஜாக்களுக்கு அந்த ஒட்டு இருந்ததில்லை.

● அரச சொற்களுக்கு மலையாளத்தில் இன்று இரண்டாம் வாழ்க்கை. ராஜாவின் ஆணைக்கடிதம் ‘தீட்டூரம்’. கட்சித் தலைமை மேலிருந்து ஏதாவது திணித்தால் பத்திரிகைகள் அதைத் தீட்டூரம் என்று கேலி செய்யும். எஜமான் தேய்ந்து வந்த ‘ஏமான்’ இப்போது போலீஸ்காரர்களுக்கான நக்கல் பெயர். ‘நாடுநீங்கல்’ மட்டும் நக்கல் ஆகவில்லை: 2013 டிசம்பரில் உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மறைந்தபோது பத்திரிகைகள் அந்தச் சொல்லையே போட்டன. அவர் ஒருநாளும் நாட்டை ஆண்டதில்லை.

● சட்டப்படி இந்தியாவில் 1971க்குப் பிறகு ராஜா கிடையாது. 26ஆவது அரசியல் சாசனத் திருத்தம் மன்னர் மானியத்தோடு மன்னர் அங்கீகாரத்தையும் எடுத்துவிட்டது. ‘திருவிதாங்கூர் ஆட்சியாளர்’ என்ற சொல்லுக்கு இனி யார் பொருள் என்ற வழக்கு, பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தை முன்வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியாக ஆண்ட சித்திரைத் திருநாள் 1991இல் மறைந்ததோடு குடும்பத்தின் உரிமை முடியவில்லை என்று 2020 ஜூலை 13இல் தீர்ப்பு வந்தது.

வேடிக்கை 2023 நவம்பரில். எல்லாச் சாதியாருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட 1936ஆம் ஆண்டு பிரகடனத்தின் நினைவு விழாவுக்குத் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு அழைப்பிதழ் அடித்தது. அதில் ராஜகுடும்பத்துப் பெண்மணிகளுக்கு ‘ஹெர் ஹைனஸ்’ என்று போட்டிருந்தார்கள். கூச்சல் கிளம்பியது; போர்டு அழைப்பிதழைத் திரும்பப் பெற்றது. சமத்துவத்துக்கான விழாவில் வந்த பிசகு என்பதால் கேலி இரட்டிப்பு.

● 2021 செப்டம்பரில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து, தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ இரண்டுக்கும் தடை போட்டது. ஊழியரைப் பெயரைச் சொல்லியோ பதவியைச் சொல்லியோ கூப்பிடலாம்; வயதில் மூத்தவர் என்றால் சேட்டா, சேச்சி. ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று கெஞ்சி எழுதவும் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஜனவரியில் கேரள அரசே விண்ணப்பப் படிவங்களிலிருந்து ‘தாழ்மையாயி’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. 2023 ஜனவரியில் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் முறை: பள்ளியில் ஆணோ பெண்ணோ எல்லாரும் ‘டீச்சர்’ என்றது. 2024 ஜூனில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளை இனிக் ‘காலனி’ என்று எழுதக் கூடாது, ‘நகர்’, ‘உன்னதி’ என்று எழுத வேண்டும் என உத்தரவு வந்தது. லோகன் பட்டியலின் கடைசி வரியை 137 ஆண்டுகள் கழித்துத் திருத்தியது போல.

சாலைக் கடைவீதியில் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. அங்கே வெங்காயம் வாங்கப் போனால் நீங்கள் ‘சாரே’. பேரம் பேசினால் ‘அண்ணாச்சி’. பேரம் நீண்டால் ‘எடேய்’.